குழந்தை தனக்காகக் கட்டும் முதல் உறுப்பு

பசு கன்று போட்டால், இளங்கொடி விழும்வரை வீட்டுக்காரர் தொழுவத்தை விட்டு நகரமாட்டார். விழுந்ததும் நாய் இழுத்துக்கொண்டு போகாமல் எடுத்து, வைக்கோலோடு சாக்கில் கட்டி, ஊருக்கு வெளியே இருக்கும் ஆலமரத்தில் தொங்கவிட்டு வருவார். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. அப்படிச் சாக்குப் பொட்டலங்கள் தொங்கும் ஆலமரங்களைத் தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகளில் இன்றும் பார்க்கலாம். மனிதரின் நஞ்சுக்கொடிக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. முன்பு கொல்லைப்புறத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். இன்று அது மருத்துவமனையின் மஞ்சள் நிறக் கழிவுப் பைக்குள் போகிறது. ஒன்பது மாதம் அதைச் சுமந்த தாயே பெரும்பாலும் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை.

பார்த்தால், வட்டமாக, அரைக் கிலோ எடையில், ஒரு சாண் அகலத்தில் இருக்கும். குழந்தையை நோக்கியிருந்த பக்கம் வழவழப்பானது. அதன் நடுப்பகுதியில் தொப்புள்கொடி வந்து சேர, அங்கிருந்து ரத்தக்குழாய்கள் நாலாபக்கமும் விரிந்து ஓடும். தாயை நோக்கியிருந்த பக்கம் கருஞ்சிவப்பாக, மேடும் பள்ளமுமாக இருக்கும்.

இது யாருடைய உறுப்பு? கர்ப்பப்பைக்குள் இருப்பதால் தாயுடையது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தாய்ப் பக்கத்தில் கர்ப்பப்பையின் உட்சுவர் மெல்லிய அடுக்காக ஒட்டிக்கொண்டு வருவது உண்மை. மற்ற அனைத்தும் குழந்தையுடையவை. குழந்தையின் செல்கள், குழந்தையின் ரத்தக்குழாய்கள், குழந்தையின் மரபணுக்கள். அந்த மரபணுக்களில் பாதி அப்பா கொடுத்தவை. ஒரு பெண்ணின் உடலுக்குள் வேர் பிடித்து, அவளுடைய ரத்தத்திலேயே நனைந்தபடி மாதக்கணக்கில் வேலை செய்யும் இந்த உறுப்பு, அவளுடையதே அல்ல. கருவளர்ச்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மிகப் பெரிய வியப்பாகத் தோன்றுவது இதுதான்.

இதைக் கட்டும் வேலை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்று பாருங்கள். சினைமுட்டையும் விந்தணுவும் கருக்குழாயில் சேர்கின்றன. அந்த ஒற்றைச் செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகியபடியே கர்ப்பப்பையை நோக்கி நகர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் ஆர்தர் ஹெர்டிக், ஜான் ராக் என்ற இரு மருத்துவர்கள் மனிதக் கருவின் முதல் நாள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். அவர்கள் விவரித்த கருக்களில் ஒன்று சுமார் ஐந்து நாள் வயதுடையது. அதில் 107 செல்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தபோது, குழந்தையின் உடலாக வேண்டிய செல்கள் எட்டே எட்டு. மீதி 99 செல்களும் வெளிச்சுவராக நின்றன. நஞ்சுக்கொடியாக மாறப்போகும் செல்கள் அவை. இதயம் துடிக்க ஆரம்பிப்பது சுமார் 22ஆம் நாளில். மூளை, கை, கால் எல்லாம் அதற்குப் பிறகு உருப்பெறுபவை. கையிருப்பில் இருக்கும் செல்களில் பத்தில் ஒன்பது பங்கை முதலில் இந்த உறுப்புக்கு ஒதுக்கிவிட்டுத்தான் கரு அடுத்த வேலையைப் பார்க்கிறது.

ஆறு முதல் பத்து நாள்களுக்குள் அந்த வெளிச்சுவர்ச் செல்கள் கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டி, அதைத் துளைத்து உள்ளே புதைகின்றன. அப்போதே எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் கலக்கவும் தொடங்கிவிடுகின்றன. சினைமுட்டை வெளிவந்த இடத்தில் சூலகத்தில் ஒரு சிறிய மஞ்சள் திரட்சி உருவாகியிருக்கும். கர்ப்பப்பையின் உட்சுவரைக் காப்பாற்றும் புரோஜெஸ்டிரோனைச் சுரப்பது அதுதான். அதற்கு இரண்டு வாரமே ஆயுள். அது வாடினால் உட்சுவர் உதிர்ந்து மாதவிடாய் வரும், கருவும் கூடவே போய்விடும். எச்.சி.ஜி. வந்து சேர்ந்தால் அந்தத் திரட்சி வாடாமல் நிற்கிறது. மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடாகத் தெரிவதும் இதே ஹார்மோன்தான்.

அடுத்து நடப்பதை மருத்துவ உலகமே மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. கரு பதிந்தவுடன் தாயின் ரத்தம் அதற்குள் பாயும் என்று நாம் எதிர்பார்ப்போம். அப்படி நடப்பதில்லை. கர்ப்பப்பையின் சுருள் தமனிகளின் வாய்களை நஞ்சுக்கொடிச் செல்களே திரண்டு அடைத்துக்கொள்கின்றன. முதல் பத்து வாரங்களுக்குக் குழந்தை வாழ்வது பெரும்பாலும் கர்ப்பப்பைச் சுரப்பிகளின் ஊட்டத்தில். ஆக்ஸிஜன் அதற்குக் கிடைப்பது மிகக் குறைவு. உறுப்புகளின் முதல் வரைவு உருவாகும் அந்தக் காலத்தில் அதிக ஆக்ஸிஜன் செல்களுக்குத் தீங்காகிவிடக்கூடும். ஆகவே இந்த அடைப்பு ஒரு பாதுகாப்பு என்று கருதப்படுகிறது. முதல் மூன்று மாதம் முடியும் வேளையில் அடைப்பு மெல்ல விலகி ரத்தம் உள்ளே வருகிறது. அதற்குள் நஞ்சுக்கொடிச் செல்கள் அந்தத் தமனிகளுக்குள்ளேயே ஊடுருவி, அவற்றின் தசைச் சுவரைக் கரைத்து, சுருங்க முடியாத அகன்ற குழாய்களாக மாற்றிவிட்டிருக்கும். பேறுகாலம் நெருங்கும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலாகத் தாயின் ரத்தம் அவற்றின் வழியே பாய்கிறது. இந்த விரிவாக்கம் சரியாக நடக்காத கர்ப்பங்களில், பின்னாள்களில் தாயின் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டு, வலிப்புவரை போகலாம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் செவிலியர் பிரஷர் பார்ப்பதை யாரும் சடங்காக நினைத்துவிடக் கூடாது. அந்த நோய் முழுமையாகத் தீர, நஞ்சுக்கொடி வெளியே வந்தாக வேண்டும்.

இவ்வளவு ரத்தம் பாய்ந்தும் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் கலப்பதில்லை. நஞ்சுக்கொடிக்குள் குழந்தையின் ரத்தக்குழாய்கள் மரம்போலக் கிளைவிட்டு, கிளைக்குள் சிறுகிளை விட்டு வளர்கின்றன. அந்தக் கிளைகளைச் சுற்றித் தாயின் ரத்தம் தேங்கி ஓடுகிறது. ஆக்ஸிஜன், சர்க்கரை, அமினோ அமிலம், இரும்பு, கால்சியம் எல்லாம் இடையிலுள்ள சுவரைக் கடந்து போகின்றன. கரியமில வாயுவும் யூரியாவும் திரும்பி வருகின்றன. ஓ பிரிவு ரத்தமுள்ள தாய்க்கு ஏ பிரிவுக் குழந்தை பிறப்பது இப்படித்தான் சாத்தியமாகிறது. கிளைகளின் மேற்பரப்பையெல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 12 சதுர மீட்டர் வரும்.

அந்த மேற்பரப்பை மூடியிருக்கும் தோலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே எல்லை கிடையாது. கோடிக்கணக்கான செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, எண்ணற்ற உட்கருக்கள் கொண்ட ஒரே விரிப்பாக மாறியிருக்கின்றன. இடைவெளி இல்லாததால் தாயின் வெள்ளணுக்கள் எளிதில் நுழைய வழியில்லை. செல்களை இப்படி உருக்கிச் சேர்ப்பது எது? 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்து சின்சைட்டின் என்று பெயரிட்டார்கள். அதன் மரபணு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது அது ஒரு வைரஸின் மரபணு என்று தெரிந்தது. இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நம் குரங்கு மூதாதையரின் இனச்செல்லில் ஒரு ரெட்ரோவைரஸ் தொற்றி, தன் மரபணுவை அங்கேயே விட்டுவிட்டது. ஒரு செல்லின் சவ்வோடு தன் உறையை இணைத்து உள்ளே நுழைவதற்காக வைரஸ் வைத்திருந்த கருவி அது. வைரஸ் அழிந்துபோனது, கருவி தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. இன்று ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதுதான் அந்தச் சுவரைக் கட்ட உதவுகிறது. இதைவிட வியப்பானது, எலிகளின் முன்னோர்கள் முற்றிலும் வேறொரு வைரஸிடமிருந்து இதே மாதிரியான மரபணுவைத் தனியாகப் பெற்றிருக்கிறார்கள் என்பது. அந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்த எலிக்கருக்கள் பாதிக் கர்ப்பத்தைச் சற்றே தாண்டிய நிலையில் இறந்தன.

இப்போது அப்பாவின் பங்குக்கு வருவோம். மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட விதிப்படி, ஒரு மரபணு அப்பாவிடமிருந்து வந்தாலும் அம்மாவிடமிருந்து வந்தாலும் விளைவு ஒன்றுதான். பள்ளியில் நாம் எல்லாரும் போட்ட கட்டங்கள் அந்த அடிப்படையில் அமைந்தவை. 1984இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியும் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் மெக்ராத், டாவர் சோல்ட்டர் இருவரும், எலியின் சினைமுட்டையில் ஒரு சோதனை செய்தார்கள். கருவுற்ற சற்று நேரத்துக்கு அப்பாவின் குரோமோசோம்களும் அம்மாவின் குரோமோசோம்களும் தனித்தனி உட்கருவாக நிற்கும். அதில் ஒன்றை எடுத்துவிட்டு, வேறொரு முட்டையிலிருந்து எடுத்ததை வைத்தார்கள். இரண்டுமே அம்மா வழி என்று அமைந்த கருவில் குட்டியின் உடல் ஓரளவு உருவானது, நஞ்சுக்கொடி தேறவில்லை. இரண்டுமே அப்பா வழி என்றால் நஞ்சுக்கொடித் திசு செழித்தது, குட்டி உருவாகவில்லை. இரண்டு வகையிலும் எதுவும் பிறக்கவில்லை. குரோமோசோம்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும், அவை யார் வழியில் வந்தன என்ற அடையாளம் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது.

மனிதரில் இயற்கையே இந்தச் சோதனையைச் சில வேளை செய்துவிடுகிறது. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று நம் ஊரில் சொல்வார்கள். நாள் தள்ளிப்போகும், வாந்தி கடுமையாக இருக்கும், வயிறும் வேகமாகப் பெருக்கும். ஸ்கேன் செய்தால் உள்ளே குழந்தை இருக்காது. நீர்கோத்த முத்துகள் குலைகுலையாக நிறைந்திருக்கும். முழுமையான முத்துப்பிள்ளையில் உள்ள குரோமோசோம்கள் எல்லாமே அப்பாவுடையவை என்பதை 1977இல் ஜப்பானில் கஜீயும் ஓஹாமாவும் காட்டினார்கள். சினைமுட்டையின் குரோமோசோம்கள் எப்படியோ தொலைந்துபோக, விந்தணு கொண்டுவந்தது மட்டும் இரட்டித்து வளர்ந்த கரு அது. முழுக்க நஞ்சுக்கொடித் திசு. இதற்கு நேர்மாறாக, விந்தணுவே இல்லாமல் சினைமுட்டை தானாகப் பெருகிச் சூலகத்தில் கட்டியாவதும் உண்டு. அந்தக் கட்டியில் தலைமுடி, பல், தோல் எல்லாம் கிடைக்கும். நஞ்சுக்கொடி கிடைப்பது அரிது. முத்துப்பிள்ளை வந்த பெண்ணை நோக்கி நீளும் கைகள் இன்றும் உண்டு என்பதால் இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்: அவள் சாப்பிட்டது, தூக்கியது, நடந்தது எதுவும் அதற்குக் காரணம் இல்லை.

அப்பாவின் மரபணுக்கள் ஏன் நஞ்சுக்கொடியை வளர்ப்பதில் இவ்வளவு முனைப்பாக இருக்கின்றன? டேவிட் ஹேக் என்ற பரிணாம உயிரியலாளர் ஒரு விளக்கம் தந்தார். தாயின் உடல் இந்தக் குழந்தைக்கும் இனி வரும் குழந்தைகளுக்கும் சேர்த்துத் தன் சத்தைப் பங்கிட வேண்டும். தந்தை வழி மரபணுவுக்கு, இனி வரும் குழந்தைகளிலும் தனக்குப் பங்கு உண்டு என்ற நிச்சயம் இல்லை, அடுத்த குழந்தை வேறொருவருடையதாக இருக்கலாம். ஆகவே இப்போதே அதிகம் வாங்கிக்கொள்ளத் தூண்டும் மரபணுக்கள் தந்தை வழியில் நிலைத்தன, அளவாக வாங்கச் செய்பவை தாய் வழியில் நிலைத்தன. வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.-2 என்ற மரபணுவில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. எலிகளில் அந்த மரபணுவைப் பழுதாக்கியபோது, பழுது அப்பா வழியில் இறங்கினால் குட்டி சாதாரண எடையில் சுமார் அறுபது சதவீதத்தோடு பிறந்தது. அம்மா வழியில் இறங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. இதைத் தாய்க்கும் சேய்க்கும் நடக்கும் போர் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் உவப்பாக இல்லை. இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தபடியே, கோடிக்கணக்கான கர்ப்பங்கள் இருவரும் நலமாக இருக்கும் இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

இந்த இழுபறி சென்னைக்கும் பழக்கமானதுதான். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. சாப்பிட்ட பிறகு சர்க்கரை அவளுடைய ரத்தத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும், குழந்தைக்குப் போய்ச் சேரும். தாயின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து இதைச் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. சென்னை மருத்துவர் வீ. சேஷையா இதற்கு எளிய சோதனை ஒன்றை வகுத்துத் தந்தார். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். காலையில் பஸ் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணைச் சாப்பிட்டுவிட்டாய் என்று திருப்பி அனுப்பாத சோதனை. இந்திய அரசின் வழிகாட்டுதல்களும் இதையே ஏற்றிருக்கின்றன. நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை தானே இறங்கிவிடும். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்கு அதிகம்.

சுவரைக் கடந்து போகும் பொருள்களில் என்னை மிகவும் கவர்ந்தது ஆன்டிபாடி, அதாவது தாய் முன்பு எதிர்த்து வென்ற நோய்களின் எதிர்ப்பொருள். பசுவின் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையை ஆழமாகத் துளைப்பதில்லை. அதன் வழியாக ஆன்டிபாடிகள் கன்றுக்குப் போவதும் இல்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தால்தான் கன்றுக்கு அவை கிடைக்கும். கன்று வயிறாரக் குடித்த பிறகு மிஞ்சினால்தான் நாம் சீம்பாலைத் தொட வேண்டும். மனிதரில், அந்த உருகிச் சேர்ந்த சுவரிலேயே ஆன்டிபாடிகளைப் பிடித்து மறுபக்கம் கொண்டுசேர்க்கும் ஏற்பிகள் இருக்கின்றன. கடைசி மூன்று மாதங்களில் அந்த வேலை மும்முரமாக நடக்கும். கர்ப்பிணிக்குப் போடும் டெட்டனஸ் ஊசி இந்த வழியை நம்பித்தான். சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்ததால் வந்த வலிப்பில் எத்தனையோ பச்சிளங்குழந்தைகள் இறந்த நாடு இது. அந்த நிலை இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது 2015இல்.

அதே வழி சிலருக்கு ஆபத்தாகவும் ஆகும். ரத்தப் பிரிவோடு நெகட்டிவ் என்று அட்டையில் எழுதியிருக்கும் பெண்களுக்கு, சிவப்பணுவின் மேல் டி என்ற ரீசஸ் புரதம் இல்லை. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் செயல்படாதவை. கணவர் பாசிட்டிவ் என்றால் அவரிடம் செயல்படும் பிரதி ஒன்றாவது இருக்கும். இரண்டும் செயல்படுபவை என்றால் எல்லாக் குழந்தைகளும் பாசிட்டிவ், ஒன்று மட்டும் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதி வாய்ப்பு. பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி பிரியும் வேளையில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடலில் கலந்துவிடலாம். தாயின் உடல் அதை அந்நியமாகக் கண்டு ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொள்ளும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த பாசிட்டிவ் குழந்தை வளரும்போது அந்த ஆன்டிபாடிகள் சுவரைக் கடந்து போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். முதல் பிள்ளை நலமாயிருக்க, அடுத்தடுத்துப் பிறந்தவை மஞ்சள் காமாலையிலும் நீர்வீக்கத்திலும் போய்விட்ட குடும்பங்கள் உலகமெங்கும் இருந்தன.

இதைத் தடுக்கும் வழியை 1960களில் நியூயார்க்கிலும் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. லிவர்பூல் குழுவின் சிரில் கிளார்க், வண்ணத்துப்பூச்சிகளின் இறகுக் கோலங்கள் மரபில் இறங்கும் விதத்தை ஆராய்ந்தவர். அந்த ஆர்வம்தான் அவரை ரீசஸ் ரத்தப் பிரிவுக்கு இட்டுச்சென்றது. தாய் ஓ, குழந்தை ஏ அல்லது பி என்று இருக்கும் குடும்பங்களில் இந்த நோய் குறைவாக இருப்பது முன்பே தெரிந்திருந்தது. தாயிடம் ஏற்கெனவே இருக்கும் ஏ, பி ஆன்டிபாடிகள் குழந்தையின் செல்களை உடனே அழித்துவிடுவதால், ரீசஸ் புரதத்தைக் கற்றுக்கொள்ள அவள் உடலுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. அப்படியானால் ரீசஸ் ஆன்டிபாடியையே ஊசியாகக் கொடுத்தால் என்ன? குழந்தையின் சிவப்பணுக்கள் தாயின் உடலில் அடையாளம் காணப்படும் முன்பே அழிந்துவிடும். 1968இல் அது மருந்தாக வந்தது. இன்று நெகட்டிவ் தாய்க்கு ஏழாம் மாதத்தில் ஓர் ஊசியும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்றும் போடுகிறார்கள். கருச்சிதைவு ஆனாலும் இந்த ஊசி தேவைப்படலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை, கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து தயாரிக்கப்படுவது மனிதர்கள் கொடுக்கும் பிளாஸ்மாவிலிருந்து. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் தன் வாழ்நாளில் 1,173 முறை கொடுத்தார்.

நஞ்சுக்கொடி தாயின் உடலில் தடயங்களையும் விடுகிறது. அதன் செல்கள் ஓயாமல் உதிர்வதால் அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் தாயின் ரத்தத்தில் மிதக்கும். 1997இல் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் இதைக் காட்டினார்கள். புற்றுநோய்க் கட்டிகளின் டி.என்.ஏ. ரத்தத்தில் மிதப்பதைப் படித்த லோ, அவ்வளவு பெரிதாக வளரும் நஞ்சுக்கொடியிலிருந்தும் வர வேண்டுமே என்று யோசித்ததன் பலன் அது. இன்று தாயின் கையில் எடுக்கும் ரத்தத்திலேயே, குழந்தைக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் வாய்ப்பைக் கணிக்கிறார்கள். அங்கே படிக்கப்படுவது நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. அது எப்போதாவது குழந்தையினுடையதிலிருந்து வேறுபடலாம். ஆகவே அந்த முடிவை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைப் பற்றித் தீர்மானிக்கக் கூடாது, பனிக்குட நீர்ச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும். பாலினமும் அதே ரத்தத்தில் தெரிந்துவிடும் என்பதால், ஸ்கேனில் பாலினம் பார்த்துச் சொல்வதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட தடை இதற்கும் பொருந்தும். பெண்சிசுக்களை இழந்த மாநிலம் நம்முடையது, அந்தத் தடையில் ஒரு விரிசல்கூட விழக் கூடாது.

டி.என்.ஏ. துணுக்குகள் பிரசவம் முடிந்த சில மணி நேரத்தில் மறைந்துவிடும். முழுச் செல்கள் அப்படி மறைவதில்லை. 1996இல் டயானா பியாங்கியின் குழு, மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆன ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஆண் குரோமோசோம் கொண்ட செல்களைக் கண்டது. தாயின் செல்கள் பிள்ளைக்குள் போய்த் தங்குவதும் நடக்கிறது.

பிறந்த பிறகும் சில நிமிடங்களுக்கு நஞ்சுக்கொடி வேலையை நிறுத்துவதில்லை. கர்ப்பத்தில் குழந்தையின் நுரையீரலுக்கு வேலை இல்லாததால், ரத்தம் இதயத்தின் நடுச்சுவரில் உள்ள ஒரு திறப்பு வழியாகவும் ஒரு சிறு குறுக்குக் குழாய் வழியாகவும் அதைத் தவிர்த்துச் சென்றுகொண்டிருக்கும். முதல் மூச்சில் நுரையீரல் விரிய, அங்குள்ள ரத்தக்குழாய்கள் திறந்துகொள்கின்றன. இதயத்தின் இடப்பக்க அழுத்தம் உயர்ந்து அந்தத் திறப்பின் மடல் மூடுகிறது, குறுக்குக் குழாயும் அடுத்த நாள்களில் சுருங்கிவிடுகிறது. பிறந்த அந்த வேளையில் குழந்தைக்குரிய ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குவரை இன்னும் நஞ்சுக்கொடியில்தான் இருக்கும். கொடியை உடனே இறுக்கி வெட்டினால் அது கழிவுப் பைக்குள் போகும். ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்தால், அதில் பெரும்பகுதி தொப்புள்கொடி வழியே குழந்தைக்கு வந்து சேரும், கூடவே முதல் சில மாதங்களுக்கு உதவும் இரும்புச் சத்தும். பிறந்தவுடன் மூச்சுக்கு அவசர உதவி தேவைப்படாத குழந்தைகளுக்கு, குறைமாதத்தில் பிறந்தவற்றுக்கும் சேர்த்து, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதைத்தான். பிரசவத்துக்குச் சேரும் நாளில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ இதை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.